ஒரு சந்தையை இடம் மாற்றுவது எப்படி?

1996ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அரசு பட்டியலிடும் சரக்குகளின் மொத்த வியாபாரம் அரசு காட்டும் இடத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாசகம் பொதுவாக இருந்தாலும் அதை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது சென்னை ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியைத்தான். தலைமுறைகளாகத் தெருவிலும் தகரக் கொட்டகையிலும் நடந்துவந்த காய்கனிச் சந்தை, மேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கோயம்பேட்டில் கட்டிவைத்திருந்த கான்கிரீட் வளாகத்துக்குப் போக வேண்டும். அதே ஆண்டில் போகவும் செய்தது.

இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பழைய பட்டணத்துக்காரர்களுக்கு அது ஒரு ஏக்கம்: அந்தக் கூச்சல் போயிற்று, அந்த விலை போயிற்று, விடிகாலையில் பை தூக்கிக்கொண்டு நடந்துபோன காலம் போயிற்று. நகரத் திட்டக்காரர்களுக்கு அது ஒரு நிம்மதி: அழுகல் நாற்றம் தீர்ந்தது, தெருவில் லாரி சிக்குவது தீர்ந்தது. இரண்டு பேச்சும் இடத்தைச் சுற்றியே வருகின்றன. லாரி எங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த லாரியில் வரும் சரக்கின்மேல் யாருடைய முன்பணம் நிற்கிறது என்று பார்த்தால், 1996இல் நடந்ததும் அதற்குப் பிறகு நடந்ததும் வேறு மாதிரி தெரிகின்றன. இந்தக் கட்டுரை அந்தப் பக்கமிருந்து பார்க்கிறது.

கொத்தவால் என்பவர் ஓர் அதிகாரி. முகலாயர் கால நகரங்களில் காவலும் கடைத்தெருவும் அவர் பொறுப்பு. எடைக்கல் சரியா, விலை நியாயமா, களவு எங்கே நடந்தது என்று பார்ப்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையிலும் அந்தப் பதவி வந்தது. விலையைக் கண்காணிக்க வந்தவரின் பெயர் விலை பேசும் இடத்துக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாவடி இருக்கும் பகுதி பெத்துநாயக்கன்பேட்டை. 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் மூண்ட சண்டையைத் தீர்க்க, கவர்னர் தாமஸ் பிட் ஊரையே பங்கு பிரித்தார். முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு, பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு. பேரிச் செட்டியார்கள் அந்தப் பக்கம், கோமுட்டிச் செட்டியார்கள் இந்தப் பக்கம். தெலுங்கு பேசும் கோமுட்டி வணிகர்களின் கன்னிகா பரமேஸ்வரி கோயில் இங்கே வேர்விட்டதற்கும் இந்தப் பங்கீட்டுக்கும் தொடர்பு உண்டு. சந்தை நடந்த நிலம் அந்தத் தேவஸ்தானத்துக்குச் சொந்தமானது. ஊருக்கே காய்கறி கொடுத்த சந்தை, மாநகராட்சிச் சந்தையாக இருக்கவில்லை. ஒரு சமூகத்தின் அறக்கட்டளைச் சொத்தாக இருந்தது. இதைச் சாதாரண விவரமாக நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. நிலம் தன்னுடையதாக இருந்தால் அரசு வாடகையை ஏற்றலாம், கட்டடத்தை இடிக்கலாம், குத்தகையை முறிக்கலாம். அடுத்தவர் நிலத்தில் நடக்கும் வியாபாரத்தைக் கிளப்ப வேண்டுமென்றால் வியாபாரத்தையே தடைசெய்ய வேண்டும். 1996 சட்டம் நிலத்தைத் தொடாமல் சரக்கைத் தொட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

சந்தையை நகர்த்தும் ஆசையும் 1996இல் புதிதாகப் பிறந்ததல்ல. இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே ஓடிய பள்ளத்தை 1780களில் ஸ்டீபன் போபம் என்ற வழக்கறிஞர் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அங்கே கடைகள் மண்டின. நெரிசல் தாங்காமல் நகராட்சி சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் சிவப்புச் செங்கலில் ஒரு சந்தைக் கட்டடம் எழுப்பியது. 1900இல் திறந்த அந்த மூர் மார்க்கெட் பின்னாளில் பழைய புத்தகத்துக்கும் புறாவுக்கும் பேர்போனதாகி 1985இல் எரிந்துபோனது. பிராட்வே கடைகளை நகர்த்திய நகராட்சி கொத்தவால் சாவடியை அப்போது தொடவில்லை. தொட அவசியமும் இல்லை. அன்றைக்குச் சரக்கு வந்து இறங்கும் எல்லா வாசலும் சாவடிக்குப் பக்கத்தில்தான் இருந்தன.

வடக்கே பேசின் பிரிட்ஜில் பக்கிங்ஹாம் கால்வாயின் படகுத்துறை. ஆந்திரக் கரையோரத்திலிருந்து விறகும் உப்பும் தானியமும் படகில் வரும். 1856இல் ராயபுரத்தில் ரயில் வந்தது, 1873இல் சென்ட்ரல். சால்ட் கொட்டார்ஸ் சரக்கு நிலையம் கூப்பிடு தூரம். கிழக்கே துறைமுகம். இறக்கிய மூட்டையை மாட்டு வண்டியில் ஏற்றினால் ஒரு நடையில் சாவடி. இந்தச் சந்தை அங்கே இருந்ததற்கு மரபோ பாசமோ காரணமில்லை. படகும் ரயிலும்தான் காரணம். விடுதலைக்குப் பின் லாரி வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. நாசிக் வெங்காயமும் மதனப்பள்ளி தக்காளியும் நீலகிரிக் கேரட்டும் நெடுஞ்சாலை வழியே வரத் தொடங்கியபோது, அவை ஊரின் மேற்கு விளிம்பில் நுழைந்து, முழு ஊரையும் கடந்து, கிழக்கு விளிம்பில் இருக்கும் சந்துக்குள் போக வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தெரு அகலத்தில் பத்து டன் லாரி நுழைந்தால் என்ன ஆகும்? முனையில் நிறுத்திவிட்டு மீன்பாடி வண்டியிலும் கை வண்டியிலும் தலைச்சுமையிலும் உள்ளே கொண்டுபோனார்கள். ஒரே மூட்டைக்கு இரண்டு முறை ஏற்றுகூலி, இரண்டு முறை இறக்குகூலி.

ஆனால் அந்தத் தெருக்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இன்றும் இருக்கிறது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் அண்ணா பிள்ளை தெருவிலும் மளிகை, பருப்பு, மிளகாய், எண்ணெய், உலர்பழம். கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதம். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் வளையலும். பத்ரியன் தெருவில் பூ. ஒரு கல்யாண வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து முகூர்த்த மாலைவரை அரை நாளில் நடந்தே வாங்கிவிடலாம். கடைக்காரர்கள் தெலுங்கும் தமிழும் குஜராத்தியும் மார்வாடியும் உருதுவும் கலந்து பேசினார்கள். தெற்கிலிருந்து வந்த நாடார் வணிகர்கள் மளிகையிலும் காய்கறியிலும் காலூன்றினார்கள். இந்தப் பக்கத்துத் தெருத் தொடர்பைத் திட்டக்காரர்கள் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வரைபடத்தில் காய்கறி தனி, துணி தனி, இரும்பு தனி.

அந்த வரைபடம் சென்னைப் பெருநகருக்கான முதல் மாஸ்டர் பிளான். 1970களின் நடுவில் தயாராகி 1976இல் அரசின் ஒப்புதல் பெற்றது. ஜார்ஜ் டவுனின் பாரத்தைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. காய்கனிச் சந்தை கோயம்பேட்டுக்கு, இரும்பு உருக்கு வியாபாரம் சாத்தங்காட்டுக்கு, லாரி முனையம் மாதவரத்துக்கு, பிராட்வேயின் வெளியூர்ப் பேருந்துகளும் நகரின் விளிம்புக்கு. அந்தக் காலத்து உலகமே இப்படித்தான் யோசித்தது. பாரீஸ் தன் எண்ணூறு ஆண்டுப் பழமையான லே ஆல் சந்தையை 1969இல் ரன்ஜீஸுக்குக் கிளப்பியது. லண்டனின் கோவென்ட் கார்டன் 1974இல் தேம்ஸுக்குத் தெற்கே போயிற்று. டெல்லியில் ஆசாத்பூர், மும்பைக்கு வாஷி. ஊருக்கு நடுவே காய்கறி குவிவது அநாகரிகம் என்று எல்லாத் தலைநகரங்களும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் முடிவுசெய்தன.

கோயம்பேட்டில் 295 ஏக்கர் ஒதுக்கினார்கள். முதல் கட்டத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். 150 சதுர அடியில் தொடங்கி 300, 600, 1,200, 2,400 என்று ஐந்து அளவு. தெருவில் யார் எவ்வளவு இடம் பிடித்துக்கொண்டார் என்பது நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். அதைப் பத்திரத்தில் எழுத முடியாது. இங்கே முதன்முறையாக ஒவ்வொருவரும் இத்தனை சதுர அடிக்காரர் ஆனார். திட்டம் 1976இல், இடமாற்றம் 1996இல். நடுவே இருபது ஆண்டு. சந்தை அதற்குள் எளிதாகக் கிளம்பியிருந்தால் சட்டமே தேவைப்பட்டிருக்காது.

இனி மண்டிக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மண்டி என்பது மொத்தக் கடை. உள்ளே இருப்பவருக்கு அது ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு. பெரும்பாலான காய்கறியில் மண்டிக்காரர் சரக்கை விலை கொடுத்து வாங்கிவைத்து விற்பதில்லை. விளைவித்தவருடைய சரக்கை அவர் கணக்கில் விற்றுக்கொடுத்து, விற்ற தொகையில் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். வழக்கத்தில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் நிற்கும். அதோடு லாரி வாடகை, இறக்குகூலி, சில நேரம் சாக்குக்கும் பெட்டிக்கும் ஒரு தொகை. மிச்சம் விவசாயிக்கு.

ஒரு தக்காளி லோடு எப்படி விலையாகிறது என்று பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் லாரி வந்து நிற்கிறது. தார்ப்பாயை அவிழ்க்கிறார்கள். பெட்டிக்குப் பதினான்கு பதினைந்து கிலோ. வாங்க வந்தவர் மேல் வரிசைப் பெட்டியைப் பார்த்து ஏமாற மாட்டார். அடியிலிருந்து ஒன்றை இழுக்கச் சொல்லிக் கையை உள்ளே விட்டுக் கிளறுவார். நல்ல பழத்தை மேலே அடுக்கி நசுங்கலை அடியில் ஒளிப்பது எல்லோரும் செய்வது, எல்லோருக்கும் தெரிந்தது. அன்றைக்கு வரத்து எத்தனை லோடு என்ற செய்தி அதற்குள் வளாகம் முழுக்கப் பரவியிருக்கும். வரத்து குறைவென்றால் முதல் விலை நிமிர்ந்து நிற்கும். பின்னால் இன்னும் நாலு லாரி வருகிறது என்று யாரோ சொன்னாலே போதும், விலை தளர்ந்துவிடும். விடிய விடியப் பழம் கனிகிறது, வெயில் ஏறினால் கசியத் தொடங்கும். மூன்று மணிக்குச் சொன்ன விலை ஏழு மணிக்கு நிற்காது. இந்த நாலு மணி நேரத்தில் நடக்கும் பேரம் முழுக்க ஒருவர் இல்லாமலே நடக்கிறது. பயிரிட்டவர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் அவருக்கு ஒரு தொகை சொல்லப்படும்.

அப்படியானால் அவர் ஏன் அடுத்த லோடையும் அதே மண்டிக்கே அனுப்புகிறார்? விதைக்கும்போதே பணம் கொடுத்தவர் அந்த மண்டிக்காரர்தான். உரம் வாங்க, கூலி கொடுக்க, சில நேரம் வீட்டுக் கல்யாணத்துக்கு. எழுத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த முன்பணத்தின் வட்டி எங்கே வசூலாகிறது என்று கேட்டால் நேர்ப்பதில் கிடைக்காது. கமிஷனுக்குள் இருக்கலாம், சொல்லும் விலைக்குள் இருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி: அந்தக் கடன் நிற்கும்வரை சரக்கு வேறு வாசலுக்குப் போகாது.

இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 1996இன் புதிர் ஒன்று அவிழ்கிறது. இருபது ஆண்டு அசையாத காய்கறிச் சந்தை எப்படி ஒரே ஆண்டில் முழுசாக இடம் மாறியது? மண்டிக்காரர்கள் கடை ஒதுக்கீடு பெற்று நகர்ந்ததும் லாரிகளுக்கு வேறு வழியில்லை. கடன் கொடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே லாரி போகும். அரசு மண்டிக்காரர்களை நகர்த்தியது. மூன்று நான்கு மாநிலங்களின் தோட்டங்கள் தாமாகத் திசை திரும்பின. மூன்று ஆண்டு கழித்து, 1999 நவம்பரில், அதே அரசு மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரே விற்கலாம் என்ற நல்ல யோசனை. பல ஊர்களில் அது நிலைத்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஊரைச் சுற்றி விளைவிக்கும், யாரிடமும் கைநீட்டாத சிறு விவசாயிகள். முன்பணத்தில் கட்டுண்ட லோடு உழவர் சந்தைக்கு வர வழியில்லை. சட்டம் தடுக்கவில்லை, கடன் தடுத்தது.

இதே சூத்திரம் பூவிலும் மளிகையிலும் எதிர்த்திசையில் வேலை செய்தது. பூவும் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. கோயம்பேட்டில் பூவுக்கென்று தனிப் பகுதியும் கட்டினார்கள். இருந்தும் பத்ரியன் தெருப் பூக்கடைகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி இழுத்துப் பிடித்தன. பூ கிலோ கணக்கில் வந்தாலும் முழக் கணக்கில் கரைவது. கட்டும் பெண்கள் வடசென்னையின் குடிசைகளில் இருக்கிறார்கள், வாங்கும் கோயில்கள் சுற்றுத் தெருக்களில் இருக்கின்றன. மல்லிகை மொட்டு மலர்வதற்குள் அந்தக் கைகளுக்குப் போய்ச்சேர வேண்டும். அந்த வியாபாரத்தின் பிடி மண்டியிடம் மட்டும் இல்லை, கட்டும் கைகளிடமும் இருந்தது. அந்தக் கைகளுக்குக் கோயம்பேட்டில் யாரும் கடை ஒதுக்கவில்லை.

மளிகையின் கதை இன்னும் எளிது. பருப்பும் மிளகாயும் அழுகாது. அவசரம் இல்லாத சரக்குக்குக் கிடங்கும் வங்கிக் கடனும் போதும். அதை யாரும் விரட்ட முடியாது. உணவு தானியத்துக்கென்று கோயம்பேட்டில் தனி வளாகம் பின்னாளில்தான் எழுந்தது. அது திறந்த பிறகும் அண்ணா பிள்ளை தெரு மணக்கத்தான் செய்கிறது. ஆகவே கொத்தவால் சாவடி போயிற்று என்பது பாதி உண்மை. அழுகும் சரக்கு போயிற்று.

சாவடியில் கடையே இல்லாமல் பிழைத்தவர்களின் பாடு தனிக்கதை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பெண்கள் இருட்டோடு நடந்து வந்து கூடை நிரப்பிக்கொண்டு போய்த் தங்கள் தெருவில் விற்றார்கள். மண்டியில் மிஞ்சியதையும் நசுங்கியதையும் கூறு கட்டி அங்கேயே தரையில் விற்றவர்களும் உண்டு. சந்தை பத்துக் கிலோமீட்டர் நகர்ந்தபோது முதல் பேருந்துக்கு முன்னால் அவ்வளவு தூரம் போய்வர ஆட்டோவோ பங்கு வண்டியோ பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு கூடைக் கத்திரிக்காயின் லாபத்தில் அந்த வாடகை எத்தனை பங்கு என்று எந்தத் திட்ட அறிக்கையும் கேட்டதில்லை. இடமாற்றத்தின் செலவைக் கணக்கிட்டவர்கள் நிலத்துக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் போட்டார்கள்.

அந்தச் சில்லறை வியாபாரிகளின் கைமுதல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் பிறகு அளந்து பார்த்தார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011இல் வெளியிட்ட 'புவர் எகனாமிக்ஸ்' நூலில் சென்னைப் பழ வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் 1,000 ரூபாய்ச் சரக்கைக் கடனில் எடுப்பவர் சராசரியாக மாலையில் 1,046 ரூபாய் 90 காசு திருப்பிக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு நூற்றுக்கு 4.69 வட்டி. ஆண்டுக்கல்ல, மாதத்துக்கல்ல, நாளுக்கு. நாள்தோறும் வசூலிக்கும் தண்டல் கடன் என்றால் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் இது கொடிய விகிதம். இதைவிட வியப்பான ஆய்வு ஒன்றை டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் செய்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகள் சிலரின் வட்டிக் கடனை முழுதுமாக அடைத்துக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனில் இருந்தார்கள். ஓரிரு ஆண்டில், உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கடனில் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கடனில் சரக்கு எடுப்பது வட்டிக்கு ஆளாவது மட்டுமல்ல. அந்த மண்டியின் வாடிக்கை ஆவதும் அதுதான். வரத்து குறைந்த நாளில் அவருக்கும் நாலு பெட்டி ஒதுக்கிவைப்பார்கள். மழை நாளில் விற்காமல் போனால் பாக்கியை நாளைக்குத் தள்ளுவார்கள். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு இந்த இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். மேலே விவசாயியை மண்டியோடு கட்டும் அதே கயிறு கீழே கூடைக்காரியையும் கட்டுகிறது. அந்தக் கயிற்றின் இரு நுனிகளும் சேரும் முடிச்சில் கல்லாவோடு உட்கார்ந்திருப்பவர் சாவடியில் இருந்தாலென்ன, கோயம்பேட்டில் இருந்தாலென்ன?

இந்தக் கேள்விக்கு 2020 ஒரு சோதனை வைத்தது. யாரும் விரும்பி நடத்திய சோதனையல்ல. ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள், 25ஆம் தேதி, ஊரே கோயம்பேட்டில் திரண்டது. அடுத்த சில நாள்களில் கொரோனா தொற்று சந்தைக்குள் பரவியிருப்பது தெரிந்தது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் வேலையின்றிச் சொந்த ஊருக்குத் திரும்பிய லோடுமேன்களோடு கிருமியும் பயணம் செய்திருந்தது. அரியலூரிலும் கடலூரிலும் விழுப்புரத்திலும் எண்ணிக்கை சட்டென்று எகிறியது; கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர் என்பது அந்த வாரச் செய்திகளில் தனி இனமே ஆயிற்று. இருபத்து நாலு ஆண்டாக அந்த வளாகத்தில் மூட்டை தூக்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதைச் சென்னைவாசிகளில் பெரும்பாலோர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள், அதுவும் மாவட்டவாரி நோய்ப் பட்டியலிலிருந்து. கடைக்காரர்களுக்குச் சதுர அடிக் கணக்கு இருந்தது. இவர்களுக்கு அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் ஊர்வாரியாக முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம்.

மூடிய ஐந்தாறு நாளில் திருமழிசையில், புறநகர்த் திறந்தவெளியில், தகரக் கூரை போட்டு மொத்தக் காய்கறி வியாபாரத்தைத் தொடங்கினார்கள். பழமும் பூவும் மாதவரம் பேருந்து நிலையத்துக்குப் போயின. திருமழிசையில் தரை மண். மழை பெய்ததும் சேறு. சேற்றில் சிக்கிய காய் அப்படியே குப்பை. வசதி என்று எதுவும் இல்லை. ஆனாலும் முதல் இரவிலேயே லாரிகள் வந்தன, விலை நிர்ணயமாயிற்று, ஊருக்குக் காய்கறி போயிற்று. 1976க்கும் 1996க்கும் இடையில் இருபது ஆண்டு இழுத்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. பயம் ஒரு காரணம், காவல்துறை ஒரு காரணம். ஆனால் அடிப்படைக் காரணம், அந்த வாரத்தில் நகர்த்த வேண்டியிருந்தது பெரிய மண்டிகளை மட்டும்தான் என்பது. சுமார் இருநூறு கடை. அவற்றின் கணக்கு நோட்டுகள் போன இடத்துக்குத் தோட்டங்களும் போயின.

மண்டி இல்லாதவர்களுக்கு என்ன பாதுகாப்பு? 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தெரு வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்கிறது அது. 1996இல் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் கொத்தவால் சாவடியின் தரைக்கடைக்காரர்களாவது தங்கள் உரிமையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். மண்டிகளுக்கு அது பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். இப்போது கோயம்பேடு ஊருக்கு நடுவே வந்துவிட்டது; மேம்பாலமும் மெட்ரோவும் சூழ நிற்கிறது; அதையும் வெளியே கொண்டுபோகலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஒரு நாளைக்கு நூறு டன்னுக்கு மேல் குப்பை, நெரிசல், நாற்றம் என்று 1970களில் கொத்தவால் சாவடிக்குச் சொன்ன காரணங்களே இப்போது கோயம்பேட்டுக்கும். அந்தப் பேச்சு நடக்கும் மேசையில், கடைகள் திருமழிசையிலிருந்து கோயம்பேட்டுக்குத் திரும்பி வந்த வரிசையை யாராவது எடுத்து வைக்க வேண்டும். 2020 செப்டம்பர் நடுவில் உணவு தானியக் கடைகள் திறந்தன. அம்மாத இறுதியில் பெரிய காய்கறி மண்டிகள். பழம் அதற்குப் பின். சின்ன அளவுக் கடைகளுக்கு நவம்பர் நடுப்பகுதிவரை காத்திருப்பு; அதற்காக அவர்கள் போராடவும் வேண்டியிருந்தது. சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்றவர்களுக்கு எந்த அறிவிப்பிலும் தேதி இல்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாததால், சந்தை மூடியபோது அவர்களுக்கென்று எதுவும் மூடப்படவுமில்லை.